குழுவை விட்டு வந்த குரல்

புணே நகரின் வடமேற்கில், முளா ஆற்றுக்கு இக்கரையில் உள்ளது சாங்வி. அக்கரையில் அவுந்து. கட்கியின் வெடிமருந்துத் தொழிற்சாலையையும் தாப்போடியின் இராணுவப் பொறியியல் கல்லூரியையும் நம்பி ஒரு காலத்தில் வந்தவை இங்குள்ள பழைய தமிழ்க் குடும்பங்கள். பிற்பாடு வந்தவர்கள் ஹிஞ்சவடியின் மென்பொருள் நிறுவனங்களை நம்பி வந்தவர்கள். இரு தரப்பினரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வது பெரும்பாலும் விநாயகர் சதுர்த்தியின் பத்து மாலைகளில்தான். குடியிருப்பின் வாயிலில் பந்தல் எழும். அதன் ஓரத்தில் மேடை எழும். மேடை எழுந்துவிட்டால் பாட்டு இல்லாமல் தீராது.

சென்ற ஆண்டு எங்கள் குடியிருப்பின் மேடையில் பாடிய இசைக்குழுவில் ஐவர் இருந்தனர். நால்வர் மராட்டிய இளைஞர்கள். பாடியவள் எங்கள் மாடியில் வசிக்கும் தமிழ்ப் பெண். பகலில் அலுவலகம், வார இறுதியில் கல்லூரி விழாக்கள், தாமே மெட்டமைத்த பாடல்கள் என நான்கு ஆண்டுகளாக அக்குழு ஓரளவு பெயர் பெற்றிருந்தது. விழா முடிந்த மறுவாரம் அவள் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், குழுவின் பெயரிலுள்ள கணக்கைப் பற்றிக் கேட்க வந்ததாகச் சொன்னாள். அக்கணக்கில் கையெழுத்திடும் இருவரில் அவளும் ஒருத்தி. குழுவிலிருந்து விலகித் தனியாகப் பாட எண்ணுகிறாள். அவளுடைய கையெழுத்தை எவ்வாறு நீக்குவது என்பதே கேள்வி.

அதற்கு விடை சொல்லிவிட்டேன். அவள் எழவில்லை. சற்று நேரம் கழித்து, “மாமா, எல்லாருக்கும் தெரிந்திருப்பது குழுவின் பெயர்தான். வெளியே வந்துவிட்டால் என்னை யாருக்குத் தெரியும்?” என்றாள்.

வங்கிக் கணக்கைப் பற்றிய ஐயத்தைக் காட்டிலும் இது கடினமான கேள்வி. இதற்கு என்னிடம் விடை இல்லை. ஆனால், இதே கேள்வியைச் சுமந்து நடந்தவர்கள் சிலரின் கதையை நான் அறிவேன். அவளுக்குச் சொன்னதையே இங்கு சற்று விரிவாக எழுதுகிறேன்.

தொலைக்காட்சி பெற்ற குழு

1999ஆம் ஆண்டு நியூசிலாந்தின் தொலைக்காட்சியில் ‘பாப்ஸ்டார்ஸ்’ என்றொரு நிகழ்ச்சி தொடங்கியது. பாடத் தெரிந்த இளம் பெண்களைத் தேர்வு செய்து, அவர்களைக் கொண்டு ஓர் இசைக்குழுவை உருவாக்கி, அது உருவாகும் விதத்தையே வாரந்தோறும் காட்டுவது அதன் திட்டம். முதலில் பிறந்த குழுவின் பெயர் ட்ரூபிளிஸ். அத்திட்டம் நாடு நாடாகப் பரவி 2002இல் இந்தியாவுக்கும் வந்தது. சேனல் வி நடத்திய தேர்வில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றனர். இறுதியில் ஐந்து பெண்கள் தேர்வு பெற்றனர்: நேஹா பாசின், அனுஷ்கா மன்சந்தா, பிரதீச்சி மொஹாபாத்ரா, சீமா ராம்சந்தானி, மஹுவா காமத். குழுவுக்கு ‘விவா’ என்று பெயரிடப்பட்டது.

அந்த ஆண்டில் வட இந்திய நகரங்களில் இருந்தவர்களுக்கு இப்பெயர் நினைவிருக்கும். இந்தியாவில் பெண்கள் மட்டுமே கொண்ட பாப் குழு ஒன்று அவ்வளவு விரைவாக வீட்டுக்கு வீடு அறிமுகமானது அதுவே முதன்முறை. ஆனால், அந்தப் புகழுக்குள் ஒரு சிக்கல் இருந்தது. பார்வையாளர்கள் அறிந்திருந்தது ‘விவா’வை. ஐந்து முகங்களையும் அறிந்திருந்தனர். ஐந்து குரல்களில் எது எவருடையது என்று கேட்டால் பலரும் திகைத்திருப்பர். குழுப்பாடலின் இயல்பு அது. குரல்கள் ஒன்றில் ஒன்று கரைந்தால்தான் அது குழு.

முதலில் மஹுவா விலகினார். சில ஆண்டுகளிலேயே குழு முற்றிலும் கலைந்தது. கலைந்தபின் நேர்ந்ததுதான் நம் கதைக்கு வேண்டியது. ‘விவா’ நேஹா பாசினுக்கு இந்தித் திரையுலகின் கதவுகள் தாமாகத் திறந்திருக்கும் என்று எவரும் எண்ணுவர். அவ்வாறு நிகழவில்லை. அவருடைய குரலைப் பெரும்பாலான செவிகள் தனியாகக் கேட்டு நின்ற முதற்பாடல்களுள் ஒன்று தமிழ்ப் பாடல்.

2007இல் இயக்குநர் வசந்த் எடுத்த ‘சத்தம் போடாதே’ வெளியானது. யுவன் சங்கர் ராஜா இசையமைத்த அப்படத்தில் ‘பேசுகிறேன் பேசுகிறேன்’ என்ற பாடல், நா. முத்துக்குமார் எழுதியது. அதைப் பாடியவர் தில்லியில் வளர்ந்த, தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத நேஹா பாசின். தமிழ்நாட்டில் அப்பாடலைக் கேட்டவர்களில் மிகப் பலர் ‘விவா’ என்ற பெயரையே கேள்விப்பட்டிராதவர்கள். அங்கு அவருக்கு முன்புகழ் என்று எதுவும் இல்லை. ஒரு குரல் ஒலிவாங்கியின் முன் நின்று, மனம் சோர்ந்த ஒருவரிடம் நெருங்கி அமர்ந்து ஆறுதல் சொல்வது போல் பாடியது. அவ்வளவே. அது போதுமானதாக இருந்தது. குழுவில் அவர் பாடிய துள்ளல் பாடல்களுக்கும் இதற்கும் எட்டாத தூரம். இரைச்சலான மேடையில் ஐவரில் ஒருவராக நின்றவரின் குரலில் இத்தகைய மென்மை ஒளிந்திருப்பதை ஒரு தமிழ் இசையமைப்பாளர் கண்டுகொண்டார் என்பதில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி உண்டு. மொழிப்பற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குழு தோன்றியது 2002இல்; இப்பாடல் 2007இல். நடுவில் ஐந்து ஆண்டுகள்.

ஒரே பாடலில் இரு குழுக்கள்

அதற்கு அடுத்த ஆண்டு, அதாவது 2008இல், மதுர் பண்டார்கரின் ‘ஃபேஷன்’ திரைப்படம் வெளியானது. சலீம்–சுலைமான் இசையில் ‘குச் காஸ்’ என்ற இருகுரல் பாடல் அதில் உண்டு. பெண்குரல் நேஹா பாசினுடையது. ஆண்குரல் மோஹித் சௌகானுடையது. பாடலை விரும்பிக் கேட்டவர்களில் எத்தனை பேர் கவனித்தனரோ தெரியாது: அந்த இருவருமே கலைந்துபோன இசைக்குழுக்களிலிருந்து வந்தவர்கள். ஒருவர் தொலைக்காட்சி உருவாக்கிய குழுவினர். மற்றவர் நண்பர்கள் சேர்ந்து உருவாக்கிய குழுவினர்.

மோஹித் சௌகானின் கதை இன்னும் நீண்ட காத்திருப்பைக் கொண்டது. 1966இல் இமாச்சலப் பிரதேசத்தின் நாஹன் நகரில் பிறந்தவர். நிலவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். இசையை முறையாக எவரிடமும் பயின்றதில்லை. கிதாரும் மவுத் ஆர்கனும் தாமே கற்றுக்கொண்டவை. தில்லியில் நண்பர்களோடு அவர் உருவாக்கிய ‘சில்க் ரூட்’ குழுவின் ‘பூந்தேன்’ என்ற இசைத்தொகுப்பு 1998இல் வெளிவந்தது. அதிலுள்ள ‘டூபா டூபா’ பாடல் அக்காலத்துக் கல்லூரி விடுதிகளின் கீதமாகவே இருந்தது. திரைப்படத்தைச் சாராத பாப் இசைக்கு இந்தியாவில் ஒரு தனிச் சந்தை இருந்த குறுகிய காலம் அது. இசைத் தொலைக்காட்சிகள் நாள் முழுதும் அப்பாடல்களை ஒளிபரப்பின, ஒலிநாடா விற்றது.

பின்னர் அச்சந்தை சுருங்கியது. இரண்டாவது தொகுப்புக்குப் பிறகு ‘சில்க் ரூட்’ கலைந்தது. புகழ்பெற்ற பாடலின் குரலுக்கு உரியவர் ஏறத்தாழக் காணாமலே போனார். ‘டூபா டூபா’ தொடர்ந்து ஒலித்துக்கொண்டிருந்தது; அதைப் பாடியவர் யார் என்ற கேள்விதான் எழவில்லை. பாட்டு நிலைத்துவிட்டுப் பாடியவர் மறக்கப்படுவது, ஒருவேளை இரண்டுமே மறக்கப்படுவதைக் காட்டிலும் வலிமிக்கதாக இருந்திருக்கும்.

2005இல் ‘மைன், மேரி பத்னி அவுர் வோ’ என்ற சிறிய படத்தில் ‘குஞ்சா’ என்ற பாடல் அவர் குரலில் வந்தது. 2006 ஜனவரியில் ‘ரங் தே பசந்தி’. ஏ.ஆர். ரகுமான் அதில் அவருக்கு அளித்த ‘கூன் சலா’ என்ற பாடல் உரத்து முழங்குவதல்ல. துயரத்தின் நடுவே தாழ்ந்து ஒலிப்பது. அப்போது அவர் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். பெரும்பாலான பாடகர்கள் தம் உச்சத்தைக் கடந்துவிடும் வயது என்று கருதப்படுவது அது. 2007இல் ‘ஜப் வீ மெட்’ படத்தின் ‘தும் சே ஹீ’ அவரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. 2009இல் ‘தில்லி–6’ படத்தின் ‘மசக்கலி’க்கும், 2011இன் ‘ராக்ஸ்டார்’ படத்தில் பாடிய ‘ஜோ பீ மைன்’ பாடலுக்கும் சிறந்த பின்னணிப் பாடகருக்கான ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. ‘ராக்ஸ்டார்’ படமோ ஓர் இசைக் கலைஞனின் கதை. கதாநாயகனின் குரலாகப் படம் முழுவதும் ஒலித்தவர் மோஹித். அவருடைய தனிப்பட்ட இசைத்தொகுப்பான ‘ஃபிதூர்’ வெளிவந்ததும் 2009இல்தான். ‘டூபா டூபா’வுக்குப் பதினோராண்டுகள் கழித்து.

இந்த இடத்தில் அப்பெண் என்னை நிறுத்தினாள். “இடைப்பட்ட காலத்தில் அவர் எப்படிச் சாப்பிட்டார், மாமா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகள் பெரும்பாலும் இக்கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடும். நானும் அவளிடம் அப்போது குதித்துத்தான் சென்றேன். பிறகு திரும்பி வந்தேன். இங்கும் திரும்பி வருவேன்.

சென்னையின் ஐவர்

மும்பையில் ‘விவா’வைத் தேர்ந்தெடுத்தது போலவே, 2000களின் நடுப்பகுதியில் சென்னையிலும் ஒரு தேர்வு நடந்தது. எஸ்.எஸ். மியூசிக் தொலைக்காட்சி உருவாக்கிய அக்குழுவின் பெயர் ‘எஸ்5’. இதிலும் ஐவர்: பென்னி தயாள், சுவி சுரேஷ், பார்கவி பிள்ளை, அனைதா நாயர், அர்ஜுன் சசி. ‘இசை’ என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். 2005இல் ‘பை தி பீப்பிள்’ என்ற மலையாளப் படத்தில் தோன்றினார்கள். அக்குழுவும் நீடிக்கவில்லை.

பென்னி தயாள் அபுதாபியில் பிறந்து வளர்ந்த மலையாளி. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வணிகவியல் படித்தவர். மாதச் சம்பளம் தரும் வேலை ஒன்றில் இருந்துவிட்டு, இசைக்காக அதைத் துறந்தவர். இதைச் சொன்னபோது அப்பெண்ணின் முகம் மலர்ந்ததை நான் கவனித்தேன். குழு கலைந்தபின் இசையமைப்பாளர் பிரவீன் மணியின் வழியாக ஏ.ஆர். ரகுமானை அடைந்தார். 2007இல் வெளியான ‘சிவாஜி’யின் ‘பல்லேலக்கா’ பாடலைக் கேட்காத தமிழர் இருக்க முடியாது. எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரலே நம் நினைவில் முதலில் எழும், ஏ.ஆர். ரைஹானாவோடு அதில் பென்னி தயாளும் இருக்கிறார். அதே ஆண்டில் ‘அழகிய தமிழ்மகன்’ படத்தின் ‘மதுரைக்குப் போகாதடி’. 2010இல் ‘விண்ணைத்தாண்டி வருவாயா’வின் ‘ஓமணப் பெண்ணே’. அதில் உடன் பாடியவர் கல்யாணி மேனன். இந்தியில் 2008இன் ‘பப்பு கான்ட் டான்ஸ்’ முதல் 2013இன் ‘பத்தமீஸ் தில்’ வரை அவருடைய குரலின் துள்ளல் ஒரு தலைமுறையின் திருமண மேடைகளை ஆட வைத்தது.

அவருடைய குழுவில் இருந்த அனைதா நாயர் பாடுவதைவிட வேறொன்றால் பரவலாக அறியப்பட்டார்: 2007இன் ‘சக் தே! இந்தியா’ திரைப்படத்தில் ஹாக்கி வீராங்கனைகளுள் ஒருவராக நடித்தவர் அவர். ‘விவா’வின் அனுஷ்கா மன்சந்தா இன்னும் ஒரு படி சென்றார். தொலைக்காட்சித் தொகுப்பாளர், இந்திப் படங்களின் பாடகி என்று பெயர் பெற்றபின், ‘கிஸ் நூகா’ என்ற புதிய பெயரில் மின்னணு இசைக்குள் நுழைந்தார். குழுவின் பெயரைத் துறந்தது போதாதென்று, சம்பாதித்த தம் சொந்தப் பெயரையும் ஓரமாக வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். அத்துணிவு எல்லாருக்கும் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

‘பாப்ஸ்டார்ஸ்’ இரண்டாம் ஆண்டில், 2003இல், உருவான ‘ஆஸ்மா’ குழுவின் நீதி மோகனையும் ஒரு வரியில் சொல்லியாக வேண்டும். ரகுமான் இசையில் ‘ஜப் தக் ஹை ஜான்’ படத்தின் ‘ஜியா ரே’ பாடலால் அவர் பரவலாக அறியப்பட்டது 2012இல். ஒன்பது ஆண்டுகள்.

பெயர் யாருடையது?

மேல்நாடுகளில் இக்கதைகள் வழக்கு மன்றம் வரை செல்லும். பிரிட்டனில் ‘டேக் தட்’ குழு உச்சத்தில் இருந்தபோது, 1995 ஜூலையில் ராபி வில்லியம்ஸ் வெளியேறினார். பதினாறு வயதில் சேர்ந்தவர், இருபத்தொரு வயதில் வெளியே. பழைய ஒப்பந்தத்தின் சிக்கலிலிருந்து விடுபடவே அவருக்குப் பல மாதங்கள் ஆயின. 1997இல் வெளியான முதல் தனித்தொகுப்பு தொடக்கத்தில் சோர்ந்தே விற்றது. அவருடைய கதை முடிந்தது என்று பலர் எழுதிவிட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் ‘ஏஞ்சல்ஸ்’ என்ற ஒரு பாடல் எல்லாவற்றையும் மாற்றியது. 2003இல் நெப்வொர்த் திடலில் மூன்று நாள்களில் மூன்று லட்சத்து எழுபத்தையாயிரம் பேர் அவரைக் கேட்க வந்தனர். 2010இல் அவரே பழைய நண்பர்களோடு மீண்டும் சேர்ந்து பாடினார் என்பது இக்கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. ‘பிங்க் ஃப்ளாய்ட்’ குழுவின் பாடல்களில் பெரும்பகுதியை எழுதியவர் ரோஜர் வாட்டர்ஸ். 1985இல் அவர் விலகினார். தாம் இல்லாமல் அப்பெயரைப் பிறர் பயன்படுத்தக் கூடாது என்று வாதிட்டார். 1987இல் சமரசம் ஏற்பட்டது. பெயர் மற்றவர்களிடமே நின்றது. அவ்வாண்டில் பாடல்களை எழுதியவர் சிறிய அரங்குகளில் பாடிக்கொண்டிருந்தார். பெயரை வைத்திருந்தவர்கள் விளையாட்டுத் திடல்களை நிரப்பினர். படைத்தவரைவிடப் பெயர்ப்பலகைக்கு மதிப்பு அதிகம் என்பதை இதைவிடக் கசப்பாகச் சொல்ல இயலாது.

இங்கேதான் வங்கிக்காரனின் பழைய பழக்கம் என்னைத் தொற்றியது. “உங்கள் குழுவின் பெயர் யாருடையது?” என்று கேட்டேன். அவள் விழித்தாள். ஐவருடையது என்றாள். எங்கே எழுதியிருக்கிறது என்றேன். எங்கும் இல்லை.

பெரும்பாலான இளைஞர் குழுக்களின் நிலை இதுவே. தொடக்கத்தில் ஒருவருடைய சேமிப்புக் கணக்கில் பணம் வரும். வருமானம் முழுவதும் அவருடைய நிரந்தரக் கணக்கு எண்ணில் ஏறும். வரியும் அவர் தலையில் விழும். மற்றவர்களுக்குப் பங்கிட்டதற்குச் சான்றும் இராது. இவர்களாவது ஒரு கூட்டாண்மைப் பத்திரம் எழுதி, குழுவின் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கியிருந்தனர். அது பாராட்டத் தக்கது. ஆயினும், அப்பத்திரத்தில் இலாபப் பங்கு மட்டுமே இருந்தது. ஒருவர் விலகினால் என்ன என்பதற்கு ஒரு வரியும் இல்லை. நட்பாகத் தொடங்கும்போது பிரிவைப் பற்றி எழுதுவது அபசகுனம் என்று எண்ணுகிறார்கள். திருமணப் பத்திரிகையில் மணவிலக்கைப் பற்றி யார் எழுதுவார்?

இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 1932இன்படி, விலகும் கூட்டாளி அதைப் பொது அறிவிப்பாக வெளியிட வேண்டும். அதுவரை குழுவின் பெயரில் ஏற்படும் கடன்களுக்கு வெளியாரிடம் அவர் பொறுப்பாளியாகவே கருதப்படலாம். வங்கிக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அவருடைய கையெழுத்தில் முன்பே வெளியான காசோலைகள் ஏதேனும் உண்டா என்று பார்த்துத் தீர்க்க வேண்டும். குழுவின் பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்யலாம். கேளிக்கைச் சேவைகள் நாற்பத்தொன்றாவது வகையில் வரும். பதிவு பத்தாண்டுகள் செல்லும், புதுப்பித்துக்கொள்ளலாம். யார் பெயரில் பதிவு செய்கிறார்களோ, பெயர் அவர்களிடமே நிற்கும்.

பாடகர்களுக்கு மட்டும் உரிய ஓர் உரிமை உண்டு. அதைப் பலர் அறியார். 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், ஒலிப்பதிவு வணிக நோக்கில் பயன்படும்போது அதைப் பாடியவருக்கும் உரிமைத்தொகையில் பங்கு உண்டு என்கிறது. அவ்வுரிமை ஐம்பது ஆண்டுகள் நீடிக்கும். அத்தொகையைத் திரட்டிப் பிரித்துத் தருவதற்கான பாடகர்களின் சங்கம் 2013இல் பதிவு பெற்றது. ஆகவே, குழுவில் இருந்தபோது பாடிய பாடல்களும், குழுவை விட்டு வந்தபின் முற்றிலும் அந்நியமாகிவிடுவதில்லை. எந்தப் பாடலில் எவர் குரல் என்பது பதிவில் இருக்க வேண்டும்; அவ்வளவே. இதைச் சொன்னதும் அவள் கைப்பேசியை எடுத்துக் குறித்துக்கொண்டாள். கதைகள் சொன்னபோது குறிக்கவில்லை.

நடுவிலுள்ள ஆண்டுகள்

இனி, அவள் கேட்ட கேள்விக்கு வருவோம்: இடைப்பட்ட காலத்தில் எப்படிச் சாப்பிடுவது?

திரைப்படப் பாடலுக்கு இந்தியாவில் பெரும்பாலும் ஒருமுறைத் தொகையே வழங்கப்பட்டு வந்தது. புதியவர்களுக்கு அதுவும் சிறு தொகை. பாடகர்களின் உண்மையான வருமானம் மேடையில் கிடைப்பது. மேடைக்கு அழைப்பு வருவதோ பாடல் புகழ்பெற்ற பிறகு. எனவே, குழுவின் மேடையை விட்டுத் தம் மேடையை அடையும் வரை நடுவில் வறண்ட நிலம். விளம்பரங்களுக்குப் பாடுவார்கள், பிறருக்காக மாதிரிப் பாடல் பாடித் தருவார்கள், குழுப்பாடலில் பின்குரலாக நிற்பார்கள். ஒரு வாரத்தில் மூன்று வேலை வரும், பிறகு மூன்று மாதம் ஒன்றும் வராது. புரட்டாசி ஐப்பசியில் பெய்வதை ஏரியில் தேக்கிச் சித்திரை வரை பாய்ச்சும் வானம் பார்த்த ஊர்களின் கணக்குதான் இதுவும். மாதச் சம்பளத்தில் பழகிய குடும்பங்களுக்கு அது எளிதில் பிடிபடாது.

நேஹா பாசினின் பிற்காலம் இவ்வகையில் கருதத் தக்கது. ‘குச் காஸ்’ வந்த பிறகும் அவருடைய பயணம் ஒரே ஏறுமுகமாக இல்லை. 2011இல் ‘துன்கி’ வந்தது. தெலுங்கில் ஒரு புகழ்பெற்ற பாடல் வந்தது. இடையில் இடைவெளிகளும் வந்தன. அவர் வேறொன்றும் செய்தார். பஞ்சாபின் பழைய நாட்டுப்பாடல்களை எடுத்து, இசையமைப்பாளர் சமீர் உத்தீனோடு சேர்ந்து புதிய ஒலியில் அமைத்து, இணையத்தின் வழியே தாமே வெளியிட்டார். ‘ஜுத்தி கசூரி’, ‘நை ஜானா’ முதலியவை அவ்வாறு வந்தவை. எந்தத் தொலைக்காட்சியும் தேர்ந்தெடுக்காத, எந்த இயக்குநரும் கேட்காத பாடல்கள் அவை. பாட்டிமார் திருமண வீடுகளில் பாடியவற்றை ஒரு பாப் பாடகி பாடுகிறார் என்பதே புதுமை. ‘விவா’வில் அவர் பாடியது பிறர் வகுத்தளித்த இசை, இதுவே அவர் தாமே தேர்ந்த இசை. சமீர் உத்தீனையே 2016இல் மணந்துகொண்டார்.

அதே 2016இல் ‘சுல்தான்’ படம் வெளியானது. ‘ஜக் கூமேயா’ என்ற பாடலின் முதன்மை வடிவத்தைப் பாடியவர் ராஹத் ஃபதே அலி கான். அதன் பெண்குரல் வடிவம் நேஹா பாசினுடையது. அதில் ஒலிக்கும் குரலில் நாட்டுப்பாடலின் மண்வாசனை இருக்கிறது. இணையத்தில் தாமாகப் பாடிப் பழகியதன் விளைவு அது என்பது என் கருத்து. அப்பாடலுக்காக 2017இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான ஃபிலிம்ஃபேர் விருதைப் பெற்றார். ‘விவா’ தோன்றிப் பதினைந்து ஆண்டுகள்.

அப்பாடலுக்கு இசையமைத்த விஷால்–சேகர் இருவரில் விஷால் தத்லானி ‘பென்டகிராம்’ என்ற ராக் குழுவின் பாடகர். திரைப்படங்களில் பெயர் பெற்ற பின்னரும் அவர் தம் குழுவை விட்டுவிடவில்லை. இரண்டையும் தூக்கிச் சுமந்தார். பென்னி தயாளோ, குழு கலைந்து தனிக்குரலாக உயர்ந்தபின், ‘ஃபங்க்சுவேஷன்’ என்ற இசைக்குழுவைத் தாமே அமைத்துக்கொண்டார். மோஹித் சௌகான் இன்று மேடையேறினாலும் அவர் பின்னால் வாத்தியக்காரர்கள் சிலர் நிற்கிறார்கள். தனியாகப் பாடுவது என்று நாம் சொல்வது, உண்மையில் எவருடைய பெயர் முன்னால் எழுதப்படுகிறது என்பதைப் பற்றியதுதான் போலும். இதை அவளிடம் சொன்னபோது சிரித்தாள். “அப்படியானால் எங்கள் கிதார்காரரையே அழைத்துக்கொள்ளலாம்” என்றாள்.

அடுத்த மாதம் ஐவரும் ஒன்றாக உட்கார்ந்து பத்திரத்தைத் திருத்தி எழுதினார்கள். பெயர் நால்வரிடம் இருக்கும் என்றும், அவள் எழுதி மெட்டமைத்த மூன்று பாடல்களை அவள் எங்கும் பாடலாம் என்றும், குழுவும் பாடலாம் என்றும் முடிவாயிற்று. இரண்டு மணி நேரம் பேசினார்களாம், ஒருவர் அழுதாராம், யார் என்று அவள் சொல்லவில்லை. கையெழுத்தை நீக்கும் கடிதத்தோடு கிளைக்கு வந்தவள், கூடவே ஒரு தொடர் வைப்புக் கணக்குக்கான படிவத்தையும் வாங்கினாள். நான் உடன் சென்றிருந்தேன்.

காலம் என்ற கட்டத்தில் இருபத்து நான்கு மாதம் என்று எழுதினாள். நேஹா பாசினுக்கு ஐந்து ஆண்டு ஆனதைச் சொன்னேனே என்றேன்.

“அவ்வளவு நாள் வேலையில் இருந்துகொண்டே பாட எனக்குப் பொறுமை இல்லை, மாமா” என்றாள். பிறகு தொழில் என்ற கட்டத்துக்கு வந்தாள். பேனா சற்று நின்றது. மென்பொருள் பொறியாளர் என்று எழுதிவிட்டு, படிவத்தை எழுத்தரிடம் நீட்டினாள்.